வேலையில்லை என்று ஒரு வரி

"போன ஏழு நாள்ல எருமைக்குத் தண்ணி காட்டினீங்களாண்ணா?" என்று கேட்டாள் கணக்கெடுக்க வந்த பெண்.

"தெனமும் காட்டறேனுங்க" என்றான் மாதேஸ்வரன், கொஞ்சம் பெருமையாகவே.

"புல்லு அறுத்துப் போட்டீங்களா?"

"போட்டனுங்க. சும்மா உக்காந்திருக்கறதுக்கு அதையாச்சும் செய்வோமேன்னுதான்."

"பாலை விக்கறீங்களா?"

"சொசைட்டிக்கு ஊத்தறமுங்க. காலையில நாலு லிட்டரு, சாயங்காலம் மூணு."

அவள் கையிலிருந்த டேப்லெட்டில் டக்கென்று ஒரு தட்டுத் தட்டினாள். "அவ்வளவுதானுங்கண்ணா. நீங்க வேலையில இருக்கறீங்க."

வேறு யாரையோ சொல்கிறாள் என்று மாதேஸ்வரன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே எருமைதான் நின்றுகொண்டிருந்தது.

மாதேஸ்வரன் லாரிக்குப் பாடி கட்டும் வெல்டர். நாமக்கல்லில் ஒரே பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தப் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. இருக்கிற லாரிகளே லோடு கிடைக்காமல் ரோட்டோரம் வரிசையாக நிற்கும்போது, புது லாரி வாங்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? அவனுக்கு வேலை இல்லை என்பது புதுச்சத்திரம் வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதது அரசாங்கத்துக்கு மட்டும்தான். அதைச் சொல்லலாம் என்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள் எருமை குறுக்கே வந்துவிட்டது.

"அம்மிணி, சித்தெ சரியாக் கேளு. எனக்கு ஏழு மாசமா வேலை இல்ல."

"புரியுதுங்கண்ணா. ஆனா ரூல் அப்படி. ஏழு நாள்ல ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலும் வேலையில இருக்கறவர்னுதான் எழுதோணும்."

"எருமை என்னுது இல்லீங்க. என்ற சம்சாரத்துது. அவ அப்பன் ஊட்டுச் சீதனம்."

அவள் விரல் மறுபடியும் தட்டியது. "அப்படின்னா அக்கா சுயதொழில். நீங்க அக்காவோட தொழில்ல சம்பளமில்லாத உதவியாள்."

மோர் கொண்டுவந்த அறிவுமதிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவளுக்கு ஒரு பதவி கிடைப்பது இதுதான் முதல் தடவை.

"ஏனுங்க உதவியாளு, நாளையிலருந்து சாணி அள்ளறதுக்கும் நேரத்துல வந்துருங்க" என்றாள்.

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. அவனுக்கு இது சிரிக்கிற சங்கதி இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஜேடர்பாளையத்தில் ஒரு காதுகுத்து. அறிவுமதியின் அண்ணன் வெள்ளியங்கிரி அங்கே வந்திருந்தார். இருபதாயிரம் கோழி வைத்துப் பண்ணை நடத்துபவர். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் செய்தித்தாளை விரித்துச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"மாப்ளே, இதப் பாத்தீங்களா? வேலையில்லாதவங்கள வெரல் உட்டு எண்ணிரலாமாம். கவர்மெண்டே சொல்லுது. அப்புறம் ஒருத்தர் ஏழு மாசமா சும்மா உக்காந்திருக்கறாருன்னா அதுக்குப் பேரு வேலையில்லாததுங்களா, சோம்பேறித்தனமுங்களா?"

கொங்கு நாட்டில் ஒருவரை மரியாதையோடு அவமானப்படுத்துவதற்கு 'ங்க' மாதிரி தோதான எழுத்து வேறு கிடையாது. பந்தியில் நாற்பது பேர் சிரித்தார்கள். மாதேஸ்வரனுக்கு அந்த நாற்பது பேர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ரசம் வாளியோடு எதிரே நின்ற அறிவுமதி, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த இலைக்குப் போனாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். "மச்சான், அதே கவர்மெண்டு என்னைய வேலையில்லாதவன்னு எழுதுனா என்ன பண்ணுவீங்க?"

"எழுதட்டுமுங்க. உங்க ஊட்டுக்கே வந்து நான் பேசுனது தப்புன்னு சொல்லிட்டுப் போறேன்."

இப்போது அரசாங்கமே வாசலுக்கு வந்து, அவனை எருமைக்கு உதவியாளாகப் போட்டுவிட்டது. 

"மாத்தி எழுத முடியாதா அம்மிணி?"

அந்தப் பெண்ணின் பெயர் இலக்கியா. வயது இருபத்து நாலு இருக்கும். பி.காம். முடித்தவள். ஏதோ ஒரு ஏஜென்சி மூலமாக இந்த வேலைக்கு வந்திருந்தாள். பரமத்தி வேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, புதுச்சத்திரத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்துக் கிடந்தது. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது.

"இது போயிருச்சுங்கண்ணா. ஆனா நாலு தடவை வருவோம். மாசத்துக்கு ஒரு தடவை. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவையும் நீதான் வரோணும். வேற ஆளு வந்தா என்ற கதைய மொதல்லருந்து சொல்லோணும். வாரேன்னு சொல்லு."

"வாரனுங்கண்ணா" என்றாள் இலக்கியா. பிறகு பக்கத்து வீட்டு மாரக்காளிடம் கணக்கெடுக்கப் போனாள்.

அடுத்த மாதம் அவள் வருவதற்குச் சரியாக ஏழு நாள் இருக்கும்போது மாதேஸ்வரன் வேலைநிறுத்தம் செய்தான். 

வாசலில் வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு ஏறி உட்கார்ந்தவன், சாப்பிடவும் மற்றதற்கும் தவிர இறங்கவில்லை. எருமைக்குத் தண்ணி இல்லை. புல் இல்லை. பால் கேனைச் சைக்கிளில் தூக்கிவைக்கச் சொன்னால், "அதுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டான்.

"அரை நிமிசம்."

"வேண்டாம் அறிவு. அரை அரையாச் சேர்ந்து ஒரு மணி நேரமாயிரும்."

நாலாம் நாள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு மாரக்காளின் கத்தரித் தோட்டத்துக்குள் புகுந்தது. கட்டிலிலிருந்து பத்தடி தூரம்தான். மாதேஸ்வரனுக்குக் கால் துடித்தது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆராச்சும் புடிங்க! எருமையப் புடிங்க!" என்று கூவினான். எண்பத்திரண்டு வயது மாரக்காள் ஊன்றுகோலால் எருமையை முதுகில் நாலு சாத்துச் சாத்தி ஓட்டிவந்து கட்டிவிட்டு, அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன்டா மாதேசு, ஒடம்புக்கு என்னமாச்சும் வந்துருச்சா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க ஆத்தா. புதன்கிழமை சரியாயிரும்."

அறிவுமதி அந்த வாரம் அவனோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

புதன்கிழமை இலக்கியா வந்தாள். இந்த முறை டேப்லெட் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தாள். "சார்ஜே நிக்கறதில்லீங்கண்ணா, அதான் நோட்டுல எழுதிக்கறேன்" என்றாள். மாதேஸ்வரனுக்கு அது பற்றியெல்லாம் அக்கறையில்லை.

"எழுதிக்க அம்மிணி. ஏழு நாளு. ஒரு துரும்பக்கூட நகத்தல. வேணும்னா அவளையே கேளு."

"துரும்பு என்னங்க, தொடப்பத்தக்கூடத் தொடல" என்றாள் அறிவுமதி உள்ளேயிருந்து.

இலக்கியா எழுதிக்கொண்டாள். "சரிங்கண்ணா. இந்த ஏழு நாள்ல வேலை தேடினீங்களா?"

"தேடறதா? ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போறதுக்கே யோசிச்சனுங்க. தேடப் போயி கெடைச்சுத் தொலைஞ்சா?"

அவள் பேனா நின்றது. "போச்சுங்கண்ணா. தேடலைன்னா நீங்க வேலையில்லாதவர் இல்ல."

"பின்ன நான் ஆரு?"

"வேலைக்கே வராதவரு. பள்ளிக்கூடம் போற பசங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க, நம்ம மாரக்காள் ஆயா, இவங்க இருக்கற வரிசைங்கண்ணா அது. வேலையில்லாதவங்களை எண்ணறப்போ இந்த வரிசைய எண்ணறதே இல்ல."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாரக்காள் சண்டைக்கு வந்துவிட்டாள். "என்னைய எதுக்கு அவனோட சேத்தறே? அவன்ற எருமைய முடுக்கிக் கட்டுனதே நானு!"

மாதேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். வேலை செய்தால் வேலைக்காரன். செய்யாவிட்டால் ஆளே கிடையாது. இந்த நாட்டில் வேலையில்லாமல் இருப்பதற்கு இத்தனை தகுதி வேண்டும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை.

"அப்ப என்னதான் செய்யோணும் அம்மிணி?"

"வேலை செஞ்சிருக்கக் கூடாது. வேலை தேடியிருக்கோணும். குடுத்தாச் செய்யத் தயாரா இருக்கோணும். மூணும் ஒண்ணா இருந்தாத்தான்."

அதை அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டான். இலக்கியா மத்தியானம் தன் டிபன் பாக்ஸைப் பிரித்து அங்கேயே சாப்பிட்டாள். நடுவில் நாலு பஸ் போனது. அஞ்சே கால் பஸ்ஸுக்குத்தான் கிளம்பினாள்.

மூன்றாம் மாதம் மாதேஸ்வரன் நாமக்கல்லுக்கு வேலை தேடப் போனான். 

முதல் நாலு பட்டறையில் பூட்டு. அவனுக்குத் திருப்தியாக இருந்தது. தேடியும் ஆயிற்று, ஆபத்தும் இல்லை. ஐந்தாவது, தங்கசாமியின் பட்டறை. திறந்திருந்தது. ஒற்றை லாரி நின்றது. புதிதாக வந்த வெல்டர் ஒருவன் பின்கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தான். கோணலாக வைத்தான். அறுத்தான். மறுபடியும் கோணலாக வைத்தான்.

மாதேஸ்வரன் பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான். பிறகு கையை உட்கார்ந்த இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டான். மூன்றாவது தடவையும் அந்த ஆள் கோணலாக வைத்தபோது, சமையல்காரி முன்னால் ஒருத்தி வெங்காயத்தைத் தோலோடு நறுக்கினால் எப்படியோ அப்படி, அவனுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுய்யா அக்கட்ட" என்று எழுந்துவிட்டான்.

கண்ணாடியை மாட்டி, வெல்டிங் ராடைப் பிடித்ததும் ஒன்பது மாதம் எங்கேயோ போய்விட்டது. கீல் நூல் பிடித்தமாதிரி உட்கார்ந்தது. கதவு ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடியது. அந்தப் புது ஆளுக்கும் பக்கத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். தங்கசாமி டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிக் கொடுத்து, "வேலை இப்ப இல்லய்யா மாதேசா, வந்தாச் சொல்றேன்" என்றார். மாதேஸ்வரன் ரொம்ப நாளைக்குப் பிறகு விசிலடித்துக்கொண்டே வீடு வந்தான்.

அந்தச் சந்தோஷத்தில் இலக்கியாவிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். 

"எத்தனை நேரம் ஆச்சுங்கண்ணா?"

"மேல போனா ஒரு மணி அஞ்சு நிமிசம்."

இலக்கியா நோட்டை மடியில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "ஆறு நிமிசம் முன்னாடி கைய எடுத்திருந்தாத் தப்பிச்சிருப்பீங்கண்ணா."

"அதுக்குக் கூலிகூட வாங்கலையே!"

"டீ, போண்டா?"

மாதேஸ்வரன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கூலிய பண்டமா வாங்கியிருக்கறீங்க. தினக்கூலித் தொழிலாளின்னு வரும்."

"உங்களுக்குக் குடுத்த ரெண்டுல எனக்கொண்ணு கொண்டாரோணும்னு தோணலையே" என்றாள் அறிவுமதி. அவளுக்கு அவள் கவலை.

வேலியோரம் மாரக்காள் எட்டிப் பார்த்தாள். "ஏனம்மிணி, மாசாமாசம் இந்த ஊட்டுக்கே வாரே. எங்க ஊட்டுக்கெல்லாம் வாரதில்லையா?"

"உங்களுது முடிஞ்சுருச்சுங்க ஆயா" என்று சொல்லிவிட்டு, இலக்கியா மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "அந்தத் தங்கசாமி அய்யா பட்டறையில கணக்கு எழுதறதுக்கு ஆள் இருக்கறாங்களாண்ணா?"

"அவர் தம்பி மகதான் எழுதுது. எதுக்கு அம்மிணி?"

"இல்லீங்க, சும்மாதான் கேட்டேன்." அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். "அடுத்ததுதான் கடைசிங்கண்ணா. கடைசி ஞாயித்துக்கிழமை வாரேன்."

கடைசி வாய்ப்பு. மாதேஸ்வரன் இந்த முறை ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்தான். வியாழக்கிழமை மறுபடியும் நாமக்கல் போனான். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் தங்கசாமி பட்டறைக்குள் நுழைந்தான். கோணல் கீல் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தரையைப் பார்த்தே நடந்தான்.

"வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று தரையைக் கேட்டான்.

"அட, உனக்குத்தான்யா போன் போடலாம்னு இருந்தேன்!" என்றார் தங்கசாமி. "நாளைக்குப் பாடி கட்ட மூணு சேசிஸ் வருது. அடுத்த மாசம் இன்னும் நாலு. நாளைக் காலையில வந்துரு. நீ பழைய பட்டறையில வாங்குன சம்பளந்தான். நிலையா இருந்துக்க."

பத்து மாதமாக அவன் தூக்கத்தில்கூடக் கேட்க ஏங்கிய வார்த்தை. மாதேஸ்வரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நிறைந்த கண்ணோடு விரல் விட்டு எண்ணினான். வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை ராடைத் தொட்டால் ஏழு நாள் கெட்டுப்போகும். அதற்குப் பிறகு இலக்கியா வரமாட்டாள். வெள்ளியங்கிரி மச்சான் சாகும்வரைக்கும் பந்திக்குப் பந்தி அவனைச் சோம்பேறி என்பார். அறிவுமதி ரசம் வாளியோடு அடுத்த இலைக்குப் போவாள்.

"திங்கக்கிழமை வரட்டுமுங்களா?"

"ஏய்யா? ஊட்டுல ஏதாச்சும் விசேசமா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை நான் வேலையில்லாதவனா இருக்கோணும்."

தங்கசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீ இப்ப எங்கிட்ட வேலைதானே கேட்டே?"

"கேட்டனுங்க. கேக்கறதுக்குத்தான் வந்தேன்."

"நாளைக்கு வரலைன்னா எடம் நிக்காது மாதேசா. பாத்துக்க."

பஸ் நிலையம் வரைக்கும் போய், இரண்டு தடவை திரும்பிப் பட்டறைப் பக்கம் நடந்து, இரண்டு தடவையும் பஸ் நிலையத்துக்கே வந்தான். தான் செய்வது முட்டாள்தனம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பத்து மாதமாகத் தான் பட்ட பாடு எங்கேயும் ஒரு வரியாகக்கூட இல்லாமல் போவதை அவனால் தாங்க முடியவில்லை. வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறிவுமதி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். கடைசித் தடவை வருகிற பெண்ணுக்கு ஒரு வாய் நல்ல சோறாவது போட வேண்டும் என்று.

"ஞாயித்துக்கிழமைகூடவா சாமி உனக்கு லீவு இல்ல?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைதானுங்கக்கா எல்லாரும் ஊட்டுல இருப்பாங்க" என்றாள் இலக்கியா.

நோட்டைத் திறந்தாள். "இந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களாண்ணா?"

"இல்லீங்க."

"எருமைக்கு?"

"அதுக்கு என்னையத் தெரியவே தெரியாதுங்க."

"வேலை தேடினீங்களா?"

"வியாழக்கிழமை. நாமக்கல். ரெண்டு கையும் பாக்கெட்டுக்குள்ள."

"குடுத்தாச் செய்யத் தயாரா?"

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தயார்."

இலக்கியா எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, ரொம்ப மெதுவாக எழுதினாள். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 'மாதேஸ்வரன், வயது 43, வெல்டர். வேலையில்லாதவர்.'

பத்தாம் வகுப்பு பாஸான அன்றைக்குக்கூட மாதேஸ்வரன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அறிவுமதியைக் கூப்பிட்டுக் காட்டினான். வேலிக்கு மேலே மாரக்காளுக்கும் காட்டினான்.

"அம்மிணி, இத ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடேன்."

"அப்படியெல்லாம் குடுக்கக் கூடாதுங்கண்ணா. இத வெச்சு உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

"கெடைக்க வேண்டாம். எழுதி இருந்தாப் போதும்."

அவள் அந்தத் தாளைக் கிழித்து, கீழே கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காரம் தூக்கலாப் போட்டுட்டியா அறிவு?" என்று மாதேஸ்வரன் மனைவியைக் கடிந்துகொண்டான்.

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இலக்கியா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலமே அந்தத் தாளின் போட்டோ குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போனது. ஜேடர்பாளையம் பந்தியில் சிரித்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள். எட்டுப் பேர் 'வாழ்த்துகள்' என்று போட்டார்கள். விஷயம் புரியாத ஒரு சித்தப்பா கேக் படம் அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மாதேஸ்வரன் பட்டறை வாசலில் நின்றான். உள்ளே மூன்று சேசிஸ் நின்றன. கோணல் கீல் ஆசாமி கண்ணாடி மாட்டிக்கொண்டு பின்கதவு வைத்துக்கொண்டிருந்தான். நூல் பிடித்தமாதிரி நேராக வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லிக்குடுத்தியாமே" என்றார் தங்கசாமி. "இப்ப அவனே எல்லாத்தையும் பாத்துக்கறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்காகப் பாத்தனய்யா."

வீட்டுக்கு வந்த மாதேஸ்வரன் நேராகக் கட்டிலில் போய் உட்கார்ந்தான். அறிவுமதி கேட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னான். பந்தியில் அவள் பேசாமல் போனதையும் முதல் தடவையாகச் சொன்னான். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தான்.

அவள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"ஏனுங்க, உங்களுக்கு வேலையில்லைன்னு எனக்குத் தெரியாதா? வெடியால நாலு மணிக்கே எந்திரிச்சு, வேலைக்குப் போறவனாட்ட குளிச்சுட்டு வாசல்ல வந்து நின்னீங்களே பத்து மாசமா. அத நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்? கவர்மெண்டு எழுதித்தான் நான் நம்போணுமா? அன்னைக்குப் பந்தியில நான் கேட்டிருக்கோணும். எங்கண்ணன்னு உட்டுட்டேன். தப்புத்தான்."

மாதேஸ்வரன் எழுந்து போய் எருமைக்குத் தண்ணி காட்டினான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள அவனுக்கு அது வசதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரியின் கார் வாசலில் வந்து நின்றது. இரண்டு தட்டு முட்டையோடு இறங்கினார். மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருந்தார்.

"மாப்ளே, போட்டோவப் பாத்தனுங்க. கவர்மெண்டே எழுதிருச்சு. நான் பேசுனது தப்புங்க." முட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, குரலை இறக்கினார். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எங்க நந்தகுமாரு இன்ஜினீயரிங் முடிச்சு ரெண்டு வருசமாச்சு. ஊட்டுல இருந்தே ஐ.டி. வேலை பாக்கறான்னு சொல்லி வெச்சிருக்கேன். லேப்டாப்புல அவன் பாக்கறதெல்லாம் கிரிக்கெட்டு. அந்த அம்மிணிய எங்க ஊட்டுக்கும் ஒருக்கா வரச் சொல்லுங்க. அவனையும் கணக்குல ஏத்திரட்டும்."

"அதுக்கென்னங்க மச்சான், சொல்றேன்" என்றான் மாதேஸ்வரன் பெருந்தன்மையாக. அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு பட்டறை வேலையைக் கொடுத்தது தகும் என்றுகூட அவனுக்குப் பட்டது.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் இறங்கினார்.

"மாதேஸ்வரன் ஊடுங்களா? எம்பேரு கோகுல்ராஜுங்க. வேலைக் கணக்கெடுப்பு சூப்பர்வைசர். உங்களுக்கு ரெண்டாவது விசிட்டு பாக்கியிருக்குது. ஆள் பத்தாம ரெண்டு மாசம் தள்ளிப்போச்சுங்க, மன்னிச்சுக்கோங்க."

"ரெண்டாவதா? நாலும் முடிஞ்சுதுங்களே!"

"இல்லீங்களே." அவர் டேப்லெட்டை நீட்டினார். "இதுல ஒண்ணுதான் ஏறியிருக்குது. அறிவுமதி, எருமை வளர்ப்பு, சுயதொழில். மாதேஸ்வரன், உதவியாள், வேலையில் இருக்கிறார்."

வெள்ளியங்கிரி முட்டைத் தட்டின் மேல் மெதுவாகக் கை வைத்தார்.

மாதேஸ்வரன் உள்ளே ஓடிப்போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தான். "இதப் பாருங்க. நேத்து மத்தியானம் இதே கட்டல்ல உக்காந்து இலக்கியா அம்மிணி எழுதிக் குடுத்தது. மாசாமாசம் தவறாம வந்துச்சே!"

கோகுல்ராஜ் தாளை வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளையும் அடியில் இருந்த கையெழுத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைக் கசங்காமல் நாலாக மடித்து மாதேஸ்வரன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மொதத் தடவை உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போச்சே, அந்த வாரமே அந்தப் புள்ளைய வேலைய உட்டு நிறுத்திட்டாங்களேங்க... நேத்துக் காலையில அவங்கம்மா எனக்குப் போன் போட்டு, 'எம்மவளுக்கு ஞாயித்துக்கிழமையாச்சும் லீவு குடுங்க சாமி'ன்னு கேட்டப்போ, எனக்கு ஒண்ணும் வெளங்கல."